மதகுக்கு விழாத டிக்

தன் வரி எந்த ஐந்து சேவைகளுக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் டிக் செய்யலாம் என்று சட்டம் வந்தது. வேண்டாததற்கெல்லாம் ஏன் தண்டம் அழ வேண்டும் என்று எங்கள் ஊரே மகிழ்ந்தது. யாரும் டிக் செய்யாத சேவையை மூடிவிடுவார்கள். மழை பொய்த்த மூன்றாம் வருடம், ஏரி மதகைப் பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் வேலை போனது. மதகைத் திறக்கும் கைப்பிடியையும் அதிகாரிகள் கழற்றிக்கொண்டு போனார்கள்.

இந்த ஐப்பசியில் ஏரி நிரம்பித் தளும்பியது. கரைக்குக் கீழேதான் எங்கள் தெரு. ஏகாம்பரம் கடப்பாரையால் மதகை நெம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மல்லீஸ்வரி நனைந்தபடி ஓடி வந்தாள்.

"அண்ணே, கரை கசியுது! சீக்கிரம் தொறங்க!"

"அசைய மாட்டேங்குதும்மா."

மதகில் அதிகாரிகள் அடித்துவிட்டுப் போன தகட்டை அவள் அப்போதுதான் படித்தாள். 'குடும்பங்கள் 412. மதகுக்கு விழுந்த டிக்: பூஜ்யம்.'

"பூஜ்யமா? அப்ப நீங்களும் போடலையாண்ணே?"

கரையிலிருந்து பெரிய மண்கட்டி ஒன்று பெயர்ந்து தெருப் பக்கம் உருண்டது. அவர் கடப்பாரையை விடவில்லை.

"காலேஜுக்குப் போக பஸ் வேணும்னு பொண்ணு அழுதுச்சு. அஞ்சாவது டிக்க அதுக்குப் போட்டுட்டேன். மதகுக்கு எப்படியும் ஊரே போடும்னு நெனச்சேன்மா."