தையல் வெட்டும் நாள்

கௌசிகாவை உள்ளே அழைத்துச் சென்று அரைமணி நேரமாகிவிட்டது. பொரளையிலுள்ள அந்த ஆஸ்பத்திரியின் வாங்கில் அமர்ந்து, மடியில் சூப் போத்தலோடு சிவபாதம் காத்திருந்தார்.

"மகளுக்குப் பிரசவமா அங்கிள்?" பக்கத்தில் இருந்த அஸீஸா கேட்டாள்.

"இன்னும் இல்லை, பிள்ளை. கர்ப்பப்பை வாயிலை போட்ட தையலை இண்டைக்கு வெட்டுகினம். வாய் பலமில்லாதபடியா ஐஞ்சாம் மாசத்திலை ரெண்டு தரம் கலைஞ்சு போச்சுது. இந்தமுறை நேரத்தோடையே தையல் போட்டவை."

"ஊட்டுல யாரு பாக்குற?"

"நான்தான். பாரம் தூக்கக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். வெள்ளவத்தையிலை நாங்கள் இருக்கிறது மூண்டாம் மாடி, லிப்ட் இல்லை. கடைக்குப் போறது, உடுப்புத் தோய்க்கிறது, சமையல் எல்லாம் நான். அறுபத்தெட்டு வயசிலைதான் சோறு வடிக்கப் பழகினனான்."

"மாஷா அல்லாஹ்! எங்கட வாப்பா கூட இப்பிடிச் செய்யமாட்டாரு."

கதவு திறந்தது. தாதி எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"தையல் வெட்டியாச்சு, ஐயா. முப்பத்தேழு கிழமை முடிஞ்சுது. பிள்ளை நல்லா இருக்கு. இனிப் பயமில்லை."

சிவபாதம் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். அஸீஸாவுக்கும் கண் கலங்கியது.

"முதல்ல மருமகனுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்க அங்கிள்."

"எனக்கு மருமகன் இல்லை, பிள்ளை. கௌசிகாதான் என்ரை மருமகள். இதுவும் தங்காது எண்டு சொல்லி என்ரை மகன் அவளை விட்டிட்டுப் போயிட்டான்."

அவர் சூப் போத்தலோடு எழுந்தார்.

"நான் அவனை விட்டிட்டு இவளோடை வந்திட்டன்."