பிரேக் சோதனை

ரேஸ் விளையாட்டு தயாரிக்கும் அலுவலகத்தில், மூன்று திரைகளுக்கு முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார் முன்னாள் டாக்சி டிரைவர். ஜன்னல் வெயில் அவருடைய முன்கை நரைமுடியில் மினுங்குகிறது. கார் நிஜமாகவே ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக ஒரே புகார்: பிரேக் போட்டால் கார் மூக்கைத் தாழ்த்தாமல் வழுக்கிப் போய் நிற்கிறதாம். "இது கார் இல்லம்மா, சோப்புக் கட்டி." புரோகிராமர் பெண் முகம் சுளிக்காமல் மறுபடி எண்களை மாற்றுகிறாள். "இப்ப ஓட்டிப் பாருங்கண்ணா."

சாலை நேராக ஓடிவந்து சட்டென்று மடங்குகிறது. அவர் ஓங்கி மிதிக்கிறார். டயர் கிறீச்சிடுகிறது, பானெட் குனிகிறது, அந்த நொடியே அவருடைய இடது கை ஸ்டீயரிங்கை விட்டுப் பக்கவாட்டில் குறுக்கே பாய்கிறது. பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று கடைசிவரை போட மறுத்த மனைவியை, முப்பது வருஷம் முன்சீட்டில் தடுத்துப் பிடித்த கை அது. அவள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. இப்போது அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும், அதன்மேல் ஆறிப்போன காப்பிக் கோப்பையும்தான். கை இறங்கவில்லை. கோப்பைக்கு மேலே, விரல்கள் விரிந்தபடி அந்தரத்தில் நிற்கிறது.

"என்னண்ணா, சரியா வந்திருச்சா?"

அவர் கையை மெல்ல ஸ்டீயரிங்குக்குக் கொண்டுவருகிறார்.

"தெரியலம்மா. எதுக்கும் அந்த வளைவுக்கு இன்னொரு தடவை போய்ப் பாக்கறேன்."