பார்படாஸுக்கு வாங்கிய பெட்டி

ஒரு வீட்டுப் பரணில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத நீலச் சூட்கேஸ் ஒன்று இருந்தது. பார்படாஸ் தீவுக் கடற்கரைக்குப் போவதற்கென்றே வாங்கியது. ஒவ்வொரு கோடையிலும் சௌந்தராவும் அவள் கணவரும் கீழே உட்கார்ந்து, எந்த ஓட்டல், எந்த அறையிலிருந்து கடல் தெரியும் என்றெல்லாம் பேசுவார்கள். சூட்கேஸ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். கடைசியில், "பையன் பரீட்சை முடியட்டும்" என்று பேச்சு நின்றுவிடும்.

"பழனிக்குக் கிளம்புறாங்க, நீயும் வாயேன்" என்றது பக்கத்திலிருந்த கட்டைப்பை.

"உன்னை மாதிரி கண்ட பஸ்ஸுலயும் ஏற நான் என்ன ஜவுளிக்கடையில சும்மா குடுத்த பையா? என் சக்கரம் முதல்ல அந்தக் கடல் மணல்லதான் படணும்."

பதினாறு வருஷம் கழித்து ஒருவழியாக டிக்கெட் வந்தது. சூட்கேஸை இறக்கி, உறையைக் கிழித்து, இழுத்தார்கள். இரண்டடி நகர்வதற்குள் சும்மா கிடந்தே இற்றுப்போன நான்கு சக்கரமும் மாவாக உதிர்ந்துவிட்டது.

"ஐயோ, நான் இன்னும் வாசப்படிகூடத் தாண்டலையே!" என்று அலறியது சூட்கேஸ்.

"விடு, வேற பெட்டி வாங்கிக்கலாம்" என்றார் கணவர்.

சௌந்தரா வலிக்கிற முட்டியைப் பிடித்தபடி சூட்கேஸின் மேலேயே உட்கார்ந்தாள்.

"பெட்டிக்குக் கடை இருக்குங்க. இந்த முட்டிக்கு எங்க போறது?"

அதுவரை எதையுமே சுமந்திராத பெட்டி, முதன்முதலாக அவளைச் சுமந்தது.