நாலு நாள் வைத்த தண்ணீர்

தொண்ணூற்றேழு சித்திரை. பாளையங்கோட்டை வீட்டிலிருந்து என் கணவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போய் ஒரு மணி நேரம் ஆகிறது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஈரத் தரையில் பட்ட வெயில் அவருடைய மீன்தொட்டியில் ஏறி ஆடுகிறது. உள்ளே தட்டுப்போல இரண்டு டிஸ்கஸ் மீன்கள். மூன்று வருடம் அவரைக் காக்க வைத்து, போன வாரம்தான் குஞ்சு பொரித்தன. பெற்றவற்றின் மேல்தோலில் ஊறும் கோழையைத் தின்றே குஞ்சுகள் வளர வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் ஆகாதென்று, டிரம்மில் நாலு நாள் வைத்துத்தான் ஊற்றுவார். அந்த டிரம் முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. “சாவு வீட்டுத் தண்ணிய வச்சிருக்கப்படாதுல்லா மைனி,” என்கிறாள் அவர் தங்கை முத்துராணி. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருக்கிறது. “தொட்டித் தண்ணியையும் இறைச்சுக் கொட்டிட்டு, குழாயில புதுசா பிடிச்சு ஊத்தியிருக்கேன். அண்ணன் பிள்ளை கணக்கால்லா வளத்தான்.” மாற்றி ஊற்ற வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தொட்டியின் அடியில் உதிர்கின்றன. கருத்துப்போன ஆண் மீன், வராத குஞ்சுகளுக்குத் தன் விலாவைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது. “பாருங்க மைனி, புதுத் தண்ணியில எப்படி விளையாடுதுன்னு!” என்கிறாள். “ஆமா ராணி,” என்கிறேன்.