கை காட்ட வராதவர்

“அந்த ஆளைப் பாரேன்! ராஜா மாதிரி உக்காந்திருக்கான்!”

ரோண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிரே வீடு மாதிரிப் பெரிய கேரவன் வண்டி ஒன்று பின்பக்கமாக நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து திணறிக்கொண்டிருந்தது. ஓட்டியவள் எழுபதை எட்டிய பெவர்லி. பக்கத்து சீட்டில், தொப்பியும் கைத்தடியுமாக அவள் புருஷன் வெர்ன்.

செம்பாறைக் கோபுரங்களுக்கு அடியில் இருந்த அந்தச் சுற்றுலா முகாமில் சாயங்காலப் பொழுதுபோக்கே இதுதான். புது வண்டி ரிவர்ஸ் எடுப்பதை மடக்கு நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பின்னால் நின்று கை காட்டணும். எத்தனை வருஷத் தாம்பத்யமானாலும் அந்த நேரத்தில் சாயம் வெளுத்துவிடும்.

இங்கே கை காட்ட ஆளே இல்லை. பெவர்லியே இறங்கி ஓடினாள், பின்னால் பாறை இடிக்குமா என்று பார்த்தாள், மூச்சு வாங்க ஏறினாள்.

“நான் வேணா கை காட்டட்டுமா?” என்று எழுந்தார் ரோண்டாவின் கணவர் கிளிஃப்.

“வேண்டாம்! அவளே நிறுத்துவா!” என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் வெர்ன்.

ஒரு வழியாக வண்டி நின்றது. ரோண்டா போய்ப் பேச்சுக் கொடுத்தாள்.

“அவருக்கு முட்டி வலி. வீட்டை விட்டுக் கிளம்பினதுலேருந்து ஸ்டியரிங்கையே தொடலை” என்றாள் பெவர்லி. “இத்தனை வருஷமா அவர் ஓட்டுவார், நான் கை காட்டுவேன். என்ன பண்றது, இந்தப் பாறையைப் பார்க்காம எனக்கு வசந்தமே வந்த மாதிரி இருக்காது. அதான் நானே ஓட்டிட்டு வந்துட்டேன்.”

மறுநாள் காலையில் வெர்ன் ஆரம்பித்தார்.

“இங்கேருந்து பாறை சரியாத் தெரியலை. வண்டியை அந்தப் பக்கம் போடு, பெவ்.”

போட்டாள். சாயங்காலம் மறுபடி.

“வெயில் மூஞ்சியில அடிக்குது. அதோ, அந்த ரெண்டு பாறைக்கு நடுவுல போடு.”

“கொழுப்பைப் பாத்தியா?” என்று பல்லைக் கடித்தாள் ரோண்டா. “நீ மட்டும் இப்படிச் சொல்லிப் பாரு, உன்னைப் பாறை மேலேயே விட்டுட்டுப் போயிடுவேன்!”

கிளிஃப் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பெவர்லி வண்டியைக் கிளப்பியதும், “பாத்ரூம் போயிட்டு வரேன்” என்று வெர்ன் தடியை ஊன்றி நொண்டி நொண்டி நடந்தார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று ரோண்டாவும் பின்னாலேயே போனாள்.

திருப்பத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடியைக் கீழே போட்டுவிட்டு, மனுஷன் விறுவிறுவென்று ஒரு பாறைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்!

“முட்டி வலியா உங்களுக்கு? வெக்கமாயில்லை? இதோ, உங்க பொண்டாட்டிகிட்டயே போய்ச் சொல்றேன்!”

“ஷ்ஷ்! ஒரு நிமிஷம் இருங்கம்மா.”

அவர் கண் கேரவனை விட்டு நகரவில்லை. வலது கை தானாகக் காற்றில் அசைந்தது.

“இடது... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்...”

கேரவன் ஒரே மூச்சில், எங்கும் உரசாமல், இரண்டு பாறைகளுக்கு நடுவே போய் நின்றது. முகாமே எழுந்து கை தட்டியது. பெவர்லி கீழே குதித்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சின்னப் பெண்ணாட்டம் சிரித்தாள்.

“பாத்தீங்களா? யாருமே கை காட்டலை! என் பெவர்லி தனியா நிறுத்திட்டா!” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார் வெர்ன்.

“அதுக்காக அவளை இந்தப் பாடு படுத்தணுமா?”

வெர்ன் மெல்ல இறங்கித் தடியை எடுத்துக்கொண்டார்.

“டாக்டர் சொன்னதை முதல்லயே சொல்லியிருந்தா, அழுதுக்கிட்டே வீட்டுல உக்காந்திருப்பாம்மா, ஸ்டியரிங்கைத் தொட்டிருக்க மாட்டா. அடுத்த வசந்தத்துக்கு நான் இருக்க மாட்டேன். ஆனா என் பெவர்லி வந்துடுவா.”