தப்பு சார்

"உங்க பிசிக்ஸ் சாருக்கு பிசிக்ஸ் தெரியுமா, மேடம்?"

தலைமையாசிரியையின் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மாணவனின் அப்பா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ அனிமேஷன் போடறாராம். ஓட விடறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு எல்லாரும் சொல்லணுமாம். முதல்ல அவரே சொல்வாராம். ஓட விட்டா, ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது தப்பு! என் பையன் வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். 'தப்பு சார்'னு பேரே வச்சுட்டாங்களாம்."

சார் வேலைக்குப் புதிது. அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று இந்த வாரம்தான் தலைமையாசிரியை முடிவு செய்ய வேண்டும்.

"நானே போய்ப் பார்க்கறேன்," என்றார்.

மறுநாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சாருக்கு முகம் வெளிறிவிட்டது.

திரையில் இரண்டு பாதைகள். ஒன்று நேராகப் போனது. இன்னொன்று நடுவில் ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபடி பழைய உயரத்துக்கே ஏறியது. இரண்டின் தொடக்கத்திலும் ஒரு பந்து.

"ரெண்டு பந்தும் ஒரே வேகத்துல கிளம்பும். உராய்வே கிடையாது. எது முதல்ல போய்ச் சேரும்?"

"நீங்க முதல்ல சொல்லுங்க சார்!"

சார் கடைசி பெஞ்சை ஒரு முறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே நேரத்துல சேரும். கடைசியில ரெண்டுக்கும் ஒரே வேகம்தானே?"

"அப்ப அது கண்டிப்பா இல்லடா!" என்றான் ஒருவன். ஒரே சிரிப்பு.

"நேரா போறதுதான் சார். அதுக்குத்தான் தூரம் கம்மி."

ஜன்னலோரம் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. வகுப்பில் இதுவரை வாயே திறக்காத பெண். அவளுக்கு வைத்த பேர் 'மியூட்'.

"டேய், மியூட்டை எடுத்துட்டாடா!"

"சும்மா இருங்கப்பா. நீ சொல்லும்மா."

"பள்ளத்துல போறதுதான் சார் முதல்ல சேரும். இறங்கும்போது வேகம் கூடும். ஏறும்போது அந்தக் கூடின வேகம் மட்டும்தானே போகும்? பழைய வேகத்துக்குக் கீழ போகவே போகாதே."

"தூரம் அதிகமாச்சே?" என்றார் சார்.

"அதிகம்தான் சார். ஆனா வேகம் அதுக்கும் மேல கூடுது."

சார் பட்டனை அழுத்தினார். பள்ளத்தில் இறங்கிய பந்து விர்ரென்று ஓடி, மேலே ஏறி, முதலில் போய்ச் சேர்ந்தது.

வகுப்பு மேசையைத் தட்டியது. "மறுபடியும் தப்பு சார்!"

அந்தப் பெண் எழுந்தே விட்டாள். "பள்ளத்தை இன்னும் ஆழமாக்கிப் பார்க்கலாமா சார்? நான் வந்து பண்ணட்டுமா?"

மணி அடித்ததும் தலைமையாசிரியை சாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வேணும்னேதானே தப்பா சொல்றீங்க?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா மேடம். வந்த புதுசுல சரியாத்தான் சொல்லிட்டிருந்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல. ஒரு நாள் தெரியாம உளறிட்டேன். உடனே 'இல்ல சார், இல்ல சார்'னு நாலா பக்கமும் குரல். அதுலேர்ந்து..."

"இன்னைக்கு அந்தப் பொண்ணு பேசினதும் அதனாலதான். நான் பின்னாடி உட்கார்ந்திருந்தும் பயப்படாம தப்பா சொன்னீங்க பாருங்க, அதுக்கே உங்களை நிரந்தரமாக்கலாம்." பேனாவை எடுத்தார்.

"இருங்க மேடம்." சார் தடுத்தார். "இன்னைக்கு நீங்க இருந்தீங்க. பயம். அதனால இன்னைக்கு சரியாவே சொல்லிடலாம்னு, அதுதான் சரியான விடைன்னு நம்பித்தான் சொன்னேன்."

பேனா அந்தரத்திலேயே நின்றது.

தலைமையாசிரியை எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து கையெழுத்தைப் போட்டார்.

"வெளியில சொல்லிடாதீங்க சார். இத்தனை வருஷமா பிசிக்ஸ் நடத்தின நானும் கடைசி பெஞ்சுல உட்கார்ந்து, 'ரெண்டும் ஒரே நேரம்'னுதான் நினைச்சேன்."