இறுக்கிப் பிடித்த தோல்வார்

நாய்க் கண்காட்சியில் சிப்பிப்பாறைக் குட்டி மின்னி இரண்டு தடவை குதித்துவிட்டது. இன்னொரு தடவை குதித்தால் நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். அப்படித் தோற்றால் தோப்பில் சங்கிலியில் கட்டிவிடப்போவதாக முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மின்னியின் தோல்வாருக்கு மனசே சரியில்லை.

"ஏம்மா, கொஞ்சம் அசையாம நில்லேன்!" என்று கெஞ்சியது வார்.

"நானா ஆடறேன்? நீதான் என் கழுத்துல தந்தி அடிச்சிட்டே இருக்கே!"

வார் அப்போதுதான் தன் மேல்முனையைக் கவனித்தது. முதலாளியின் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தைத்தான் இத்தனை நேரமும் அது மின்னியிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

நடுவர் பல்லைப் பார்க்கக் குனிந்தார். வியர்வை துடைக்க முதலாளி பிடியைத் தளர்த்தினார். வார் தொய்ந்து விழுந்தது. மின்னி நாலு காலையும் ஊன்றி, சமர்த்தாக வாயைத் திறந்தது.

"அட, நிக்குதே!" என்றார் நடுவர்.

"எல்லாம் நம்ம பிடி சார்! இறுக்கிப் பிடிச்சாத்தான் நிக்கும்," என்று பூரித்துப்போன முதலாளி, வாரை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

நடுவர் இன்னும் பல்லை எண்ணி முடிக்கவில்லை. வார் தன்னால் ஆனமட்டும் நீண்டுகொடுத்துப் பார்த்தது.

மின்னி குதித்தது.